கிளவுட் கேமிங் திக்குகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கன்சோல் வாங்காமலே கன்சோல் ஆட்டங்களை ஆடலாம் என்று சொல்லித்தான் கிளவுட் கேமிங்கை விற்கிறார்கள். எக்ஸ்பாக்ஸின் சேவை 2020 செப்டம்பரில் 22 நாடுகளில் தொடங்கி, 2025 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தது. ஆட்டம் ஓடுவது எங்கோ ஒரு தரவு மையத்தில். நம் வீட்டுக்கு வருவது அதன் வீடியோ மட்டும், நாம் திருப்பி அனுப்புவது பொத்தான் அழுத்தங்கள் மட்டும். முதல் நாள் ஆடிப் பார்த்தவர்களில் சிலர் வியக்கிறார்கள். வேறு சிலர் பத்து நிமிடத்தில் மூடிவிட்டு, "நம் ஊர் இணைய வேகத்துக்கு இது சரிப்படாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. வேகம் இங்கே குற்றவாளியாக இருப்பது அபூர்வம். பிளேஸ்டேஷன் பிளஸ் பிரீமியம் 1080பி படத்துக்குக் கேட்பது 13 எம்பிபிஎஸ். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ் சேவை அதே தரத்தில் வினாடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படச் சட்டங்கள்) தர 25 எம்பிபிஎஸ் கேட்கிறது. இன்றைய சாதாரண ஃபைபர் இணைப்புக்கு இது பெரிய சுமை அல்ல. பிழை பெரும்பாலும் ரவுட்டருக்கும் சோபாவுக்கும் நடுவே உள்ள சில மீட்டரில்தான் ஒளிந்திருக்கிறது. அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் கீழே உங்கள் அறிகுறி எது என்று பாருங்கள்.

"பொத்தானை அழுத்தினால் ஒரு கணம் கழித்தே குதிக்கிறான்"

படம் தெளிவாக இருக்கிறது, எங்கும் திக்கவில்லை, ஆனால் கை ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம் என்று இருக்கிறதா? இணையத்தை விட்டுவிட்டு முதலில் டிவியைச் சந்தேகியுங்கள்.

இன்றைய டிவிகள் வரும் படத்தை அப்படியே காட்டுவதில்லை. இரைச்சலை நீக்கி, நிறத்தைக் கூட்டி, இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே தானாக ஒன்றை உருவாக்கிச் செருகி, அதன் பிறகே திரைக்கு அனுப்புகின்றன. சினிமா பார்க்கும்போது இது தெரியாது. ஆட்டத்தில் இந்த ஒப்பனைக்கே பல டிவிகள் 100 மில்லிவினாடியை நெருங்கும் தாமதத்தைச் சேர்த்துவிடும். வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேம் என்பது 16.7 மில்லிவினாடி. ஆக, நீங்கள் பார்ப்பது ஐந்தாறு ஃபிரேம் பழைய காட்சி. அமைப்புகளில் "கேம் மோடு" என்று இருப்பதை இயக்கினால் இந்தத் தாமதம் பெரும்பகுதி போய்விடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சில டிவிகளில் கேம் மோடு எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்துக்கு மட்டுமே வேலை செய்யும். டிவிக்குள்ளேயே நிறுவிய செயலியில் ஆடுபவர்களுக்கு அந்தத் தேர்வு மங்கலாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. அப்போது படத்தை மென்மையாக்கும் வசதி, இரைச்சல் நீக்கம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அணையுங்கள். அதுவும் போதவில்லை என்றால் ஒரு மடிக்கணினியை எச்டிஎம்ஐ கேபிளால் டிவியில் இணைத்து அதில் ஆடுங்கள். விலை குறைந்த ஸ்மார்ட் டிவிகளின் உள்ளிருக்கும் சிப், சுருக்கி வந்த வீடியோவை விரிப்பதிலேயே மூச்சு வாங்குவதால், மடிக்கணினி வழி பல வீடுகளில் கண்கூடான மாற்றம் தருகிறது.

டிவிதான் காரணமா என்று எப்படி உறுதிசெய்வது? அதே அறையில், அதே வைஃபையில், அதே ஆட்டத்தைப் போனில் ஓட்டிப் பாருங்கள். போனில் கை ஒத்துப்போகிறது, டிவியில் ஒத்துப்போகவில்லை என்றால் வழக்கு முடிந்தது.

போனிலும் அதே தாமதமா? அடுத்து கன்ட்ரோலர். புளூடூத்தை விட்டுவிட்டு யுஎஸ்பி கேபிளால் இணைத்துப் பாருங்கள். கூகுளின் ஸ்டேடியா இந்தக் கண்ணியையே வெட்டிப் பார்த்தது. அதன் கன்ட்ரோலர் டிவியோடு பேசாமல், வீட்டு வைஃபை வழியாக நேரடியாக சர்வரோடு பேசியது. 2019 நவம்பரில் வந்த அந்தச் சேவை 2023 ஜனவரி 18 அன்று மூடப்பட்டுவிட்டாலும், அந்த யோசனை நல்ல யோசனைதான். அமேசான் லூனாவின் கன்ட்ரோலரும் அப்படித்தான் இயங்குகிறது.

ஆட்டத்தின் உள்ளேயும் ஒருமுறை பாருங்கள். பல கன்சோல் ஆட்டங்களில் "தரம்", "செயல்திறன்" என்று இரண்டு வகை ஓட்டம் உண்டு. தரம் என்பது பெரும்பாலும் வினாடிக்கு 30 ஃபிரேம், அதாவது ஃபிரேமுக்கு 33 மில்லிவினாடி. கிளவுட்டில் எப்படியும் சுருக்கப்பட்ட வீடியோவைத்தான் பார்க்கப்போகிறீர்கள், கூடுதல் நுணுக்கம் வழியிலேயே கரைந்துவிடும். யோசிக்காமல் செயல்திறனைத் தேர்ந்தெடுங்கள்.

மிச்சம் இருப்பது தூரம். அதற்கு மருந்து கிடையாது. ஃபைபருக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப, கேபிள் நேர்கோட்டில் கிடந்தாலும்கூட 10 மில்லிவினாடி ஆகும். சென்னையிலிருந்து மும்பை அவ்வளவு தூரம்தான். சிங்கப்பூர் என்றால் கிட்டத்தட்ட 30. கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மைக் கணக்கு எப்போதும் இதைவிடக் கூடுதல். சர்வர் இருப்பிடத்தைத் தேர்ந்தெடுக்க விடும் சேவையாக இருந்தால், தானியங்கித் தேர்வை நம்பாமல் பக்கத்தில் இருப்பதைக் கையால் தேர்ந்தெடுங்கள். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அணையுங்கள். அது உங்கள் வீடியோவை ஊர் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் கொண்டுவரும்.

"நன்றாகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று உறைந்து, சதுரம் சதுரமாக உடைகிறது"

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இணைய வேகச் சோதனையில் 200 எம்பிபிஎஸ் காட்டுகிறது, திரைப்படம் 4கே தரத்தில் தடையின்றி ஓடுகிறது, ஆட்டம் மட்டும் திக்குகிறது. இது எப்படி? திரைப்படச் செயலி முன்கூட்டியே பல வினாடிகளுக்கான படத்தை வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்கிறது. நடுவே அரை வினாடி இணைப்பு அறுந்தாலும் சேமிப்பிலிருந்து காட்டிவிடும். ஆட்டத்தில் அடுத்த காட்சி உங்கள் விரலைப் பொறுத்தது. அதை முன்கூட்டியே வாங்கி வைக்க வழியில்லை. அரை வினாடி தடங்கல் என்றால் அரை வினாடி தடங்கல்தான். வேகச் சோதனை சராசரியைச் சொல்கிறது, நமக்கு வேண்டியது ஒரே சீரான வரத்து.

அதை அளக்க பிங் போதும். ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று காட்டும் கட்டளை அது. விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரங்கள் இரண்டைத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, நிற்காமல் பிங் ஓடவிடுங்கள். இன்னொன்றில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு. ஆட்டத்தைத் தொடங்கிவிட்டு, அது திக்கும் நேரத்தில் இரண்டு சாளரங்களையும் பாருங்கள்.

ரவுட்டருக்கான எண்ணே 2, 3 என்று இருந்துவிட்டுத் திடீரென்று 80, 150 என்று துள்ளினால், குற்றம் வீட்டுக்குள். இணைய நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. ரவுட்டர் எண் அசையாமல் நிற்க, வெளி முகவரியின் எண் மட்டும் துள்ளினால் குற்றம் வெளியே. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் புது ரவுட்டர் வாங்க வேண்டாம்.

வீட்டுக்குள் என்றால் பெரும்பாலும் வைஃபைதான். நிறைய வீடுகளில் ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளையும் ஒரே பெயரில் ஒளிபரப்புகிறது, கருவி தனக்குத் தோன்றியதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2.4 ஒரு நெரிசலான சந்து. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன, அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களும் சேர்ந்துகொள்ளும். புளூடூத் கன்ட்ரோலரோடு 2.4 வைஃபையில் போனில் ஆடுபவர், ஒரே கருவிக்குள் இரண்டு சண்டைக்காரர்களைக் குடிவைத்திருக்கிறார். ரவுட்டர் அமைப்பில் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, ஆடும் கருவியை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் சேருங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கண்டால் சுணங்கும். கான்கிரீட் சுவர் ஒன்றைத் தாண்டினால் பலவீனம், இரண்டைத் தாண்டினால் பெயருக்குத்தான். நம் வீடுகளில் ரவுட்டரை வைக்கும் இடங்களோ டிவிக்குப் பின்னால், எஃகு பீரோவின் மேல், ஷோகேஸ் உள்ளே என்று ஒவ்வொன்றும் அதைத் தண்டிப்பதற்கென்றே தேர்ந்தெடுத்தது போல இருக்கின்றன. திறந்த இடத்தில், ஆள் உயரத்தில் வையுங்கள்.

இதையெல்லாம்விட நல்லது ஒரு லேன் கேபிள். 100 மீட்டர் வரை தரம் குறையாமல் போகும். பல டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது என்பதால், கேபிள் போட்டதும் வேகச் சோதனையில் எண் குறைந்து, ஏமாந்துவிட்டதாகத் தோன்றும். ஏமாறவில்லை. ஆட்டத்துக்குத் தேவையானதைப் போல நாலைந்து மடங்கு அதில் இருக்கிறது, துள்ளலும் இல்லை. கூடத்தின் ஓரமாக வெள்ளைக் கேபிள் ஓடுவதை வீட்டில் ஏற்றுக்கொள்ள வைப்பது தனிக் கலை, அதற்கு என்னிடம் வழிமுறை இல்லை.

"தினமும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் கெட்டுப்போகிறது"

இரவு எட்டு முதல் பத்தரை வரை என்றால் தெருவே இணையத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளூர் நிறுவனத்தின் வழித்தடம் நிரம்பியிருக்கும். பிங் சோதனையில் வெளி எண் மட்டும் துள்ளும்.

ஆனால் "தம்பி வேலைக்கு உட்கார்ந்தால் கெடுகிறது", "அம்மாவின் போன் வீட்டுக்குள் வந்ததும் கெடுகிறது" என்பது வேறு நோய். அது பதிவேற்றத்தால் வருவது. போன் வைஃபையைக் கண்டதும் கல்யாண வீடியோக்களை மொத்தமாக மேலே ஏற்றத் தொடங்கும். ரவுட்டர் அவற்றையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தும். ரேஷன் கடையில் முன்னால் நிற்பவர் நான்கு அட்டைக்குச் சேர்த்துப் பொருள் வாங்கினால், ஒரு கிலோ சர்க்கரைக்கு வந்தவரும் அவர் முடிக்கும் வரை நிற்க வேண்டியதுதான். உங்கள் பொத்தான் அழுத்தம் சில நூறு பைட் கூட இருக்காது, ஆனாலும் வீடியோவுக்குப் பின்னால் நிற்கும்.

சரிபார்க்க, பிங் ஓடவிட்டபடி ஒரு பெரிய கோப்பைக் கிளவுட் சேமிப்பில் ஏற்றுங்கள். 15 ஆக இருந்த எண் 200, 300 என்று ஏறி, ஏற்றம் முடிந்ததும் இறங்கினால் இதேதான். தற்காலிகத் தீர்வு, புகைப்படக் காப்பை நள்ளிரவுக்கு மாற்றுவது. நிரந்தரத் தீர்வு, ரவுட்டரில் எதற்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் கியூஓஎஸ் என்ற பகுதிக்குப் போய், பதிவேற்ற வேகத்துக்கு உங்கள் உண்மை வேகத்தில் 85 முதல் 90 சதவீதம் வரை உச்சவரம்பு வைப்பது. சில ரவுட்டர்களில் எஃப்கியூ-கோடெல், கேக் என்ற பெயர்களில் வரிசை மேலாண்மை இருக்கும். இருந்தால் இயக்கிவிடுங்கள். சிறிய பொட்டலங்களுக்கு அவை தனி வழி விடுகின்றன. நிறுவனம் இலவசமாகத் தந்த ரவுட்டரில் இவை பெரும்பாலும் இருக்காது. புது ரவுட்டர் வாங்க நியாயமான காரணம் என்று நான் ஒப்புக்கொள்வது இதை மட்டுமே.

"படம் மங்கல், எழுத்தைப் படிக்க முடியவில்லை"

முதலில் சந்தா எது என்று பாருங்கள். எக்ஸ்பாக்ஸில் 1440பி வரை போவது அல்டிமேட் சந்தாவுக்குத்தான், அதுவும் எல்லா ஆட்டங்களிலும் எல்லாக் கருவிகளிலும் இல்லை. அடுத்து, போனில் டேட்டா சேமிப்பும் பேட்டரி சேமிப்பும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். கணினியில் ஆடுபவர்கள் பிரவுசர் அமைப்பில் வன்பொருள் முடுக்கம் அணைந்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். அணைந்திருந்தால் வீடியோவை விரிக்கும் வேலை முழுவதும் மையச் செயலியின் தலையில் விழும். மின்விசிறி அலறுவதும் படம் தடுமாறுவதும் சேர்ந்து வந்தால் இதுதான் காரணம்.

எதைச் செய்தாலும் போகாத மங்கலும் உண்டு. அடர்ந்த புல், மழை, பனித்தூள், காற்றில் பறக்கும் காகிதத் துண்டுகள் போன்ற, திரை முழுவதும் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறும் காட்சிகளை வீடியோ சுருக்கம் கொலை செய்துவிடும். இருட்டுக் குகைகளில் கறுப்பு படிப்படியாகப் பட்டையடிக்கும். சிவப்பு நிறச் சிறு எழுத்துகள் கலங்கித் தெரிவதும் இதே வகைதான், நிறத் தகவலைக் குறைத்து அனுப்புவதன் விளைவு. ஆட்ட அமைப்பில் எழுத்தின் அளவைக் கூட்டி, திரைப்படப் புள்ளிகள் (ஃபிலிம் கிரெய்ன்), அசைவு மங்கல் (மோஷன் பிளர்) ஆகிய விளைவுகளை அணைத்தால் கொஞ்சம் தேறும்.

"சுட்ட பிறகு சத்தம் வருகிறது" / "சத்தமே வரவில்லை"

முன்னதுக்குக் காரணம் புளூடூத் ஹெட்போன். சாதாரண புளூடூத் ஒலி 100 முதல் 200 மில்லிவினாடி வரை பிந்தும். திரைப்படச் செயலி அதற்கேற்பப் படத்தையும் தாமதப்படுத்திச் சமாளிக்கும், ஆட்டத்தில் அது முடியாது. கம்பி ஹெட்போன் போடுங்கள்.

பின்னதுக்கான காரணம் பலருக்குத் தெரிவதில்லை. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை புளூடூத்தில் இணைத்திருக்கும்போது அதிலுள்ள ஹெட்செட் துளை வேலை செய்யாது. கன்ட்ரோலரும் கெடவில்லை, ஹெட்செட்டும் கெடவில்லை. ஹெட்செட்டைப் போனிலோ கணினியிலோ நேரடியாகச் செருகுங்கள்.

"கன்ட்ரோலர் இணைந்திருக்கிறது, ஆட்டம் கண்டுகொள்ளவில்லை"

பிரவுசரில் ஆடினால், பக்கத்தின் மேல் ஒருமுறை கிளிக் செய்துவிட்டு கன்ட்ரோலரில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்துங்கள். முதல் அழுத்தம் வரும் வரை பிரவுசர் கன்ட்ரோலரை இணையப் பக்கத்துக்குக் காட்டாது, பாதுகாப்புக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். கணினியில் ஸ்டீம் என்ற ஆட்டக் கடைச் செயலி பின்னணியில் ஓடினால் முழுவதுமாக மூடுங்கள். அது கன்ட்ரோலரைப் பிடித்து மவுஸ் போல ஆட்டி வைக்கும். ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிகிறது என்பதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர் என்றால் அதில் புளூடூத்தே இல்லாமல் இருக்கலாம். எக்ஸ்பாக்ஸ் பொத்தானைச் சுற்றியுள்ள பகுதி முன்பக்க உடலோடு ஒரே பிளாஸ்டிக்காக இருந்தால் புளூடூத் உண்டு. மேல்பக்கத் தகட்டோடு சேர்ந்து பளபளப்பாகத் தனியே தெரிந்தால் இல்லை.

"ஆட்டம் பட்டியலில் இல்லை" / "பாதியில் வெளியே தள்ளிவிட்டது"

சந்தாவில் உள்ள எல்லா ஆட்டமும் கிளவுட்டில் ஓடாது. ஜிஃபோர்ஸ் நவ்வில் ஆட்டம் வேறு கடையில் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும், வெளியீட்டாளரும் அனுமதித்திருக்க வேண்டும். இதில் சரிசெய்ய எதுவும் இல்லை, பணம் கட்டும் முன் பட்டியலைத் தேடிவிடுங்கள். கல்லூரி விடுதி, அலுவலக வைஃபையில் தொடங்கவே மறுத்தால், வீடியோ வரும் யுடிபி வழியை அங்கே அடைத்திருப்பார்கள். போனின் இணைப்பில் முயலுங்கள்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று நிறுத்தி வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது ஆட்டம் இருக்காது. அசைவில்லாத அமர்வைச் சேவை சில நிமிடங்களில் முடித்துவிடும், அந்த சர்வர் அடுத்தவருக்குப் போய்விடும். ஜிஃபோர்ஸ் நவ்வின் இலவசக் கணக்கில் ஆடிக்கொண்டே இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் அமர்வு முடியும். எழுந்திருக்கும் முன் கையால் சேமித்துவிடுங்கள்.

"டேட்டா கரைகிறது"

20 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடினால் மணிக்கு 9 ஜிபி. பாதி வேகம் என்றால் 4.5 ஜிபி. ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் மொபைல் திட்டம் அரை மணி நேரம்கூடத் தாங்காது. இது பிழையல்ல, கணக்கு.

எதைச் செய்தாலும் சரியாகாதவை

சண்டை ஆட்டங்களைக் கிளவுட்டில் போட்டி மனநிலையோடு ஆடாதீர்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் டிரைவ் இம்பாக்ட் என்ற தாக்குதல் கிளம்பி வந்து விழ 26 ஃபிரேம், அதாவது சுமார் 430 மில்லிவினாடி ஆகிறது. கண்ணால் பார்த்து விரல் அசைய மனிதருக்கு 200 முதல் 250 வரை தேவை. மிச்சத்தில் கிளவுட் தன் பங்காக 80, 100 எடுத்துக்கொண்டால், பழகிய கைக்கும் நூலிழைதான் மிஞ்சும். தாள ஆட்டங்களும் அப்படியே. முறைவைத்து ஆடும் உத்தி ஆட்டங்கள், புதிர்கள், கதை ஆட்டங்கள், நிதானமான கார் ஓட்டம் ஆகியவற்றில் இந்தத் தாமதத்தை நீங்கள் தேடினால்தான் கண்டுபிடிப்பீர்கள்.

குற்றம் வெளியே என்று உறுதியானால்

புகாரில் "நெட் ஸ்லோ" என்று எழுதினால், வருபவர் வேகச் சோதனை நடத்தி, 100 காட்டுகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். லேன் கேபிளில் எடுத்த பிங் பதிவைக் காட்டுங்கள். ரவுட்டருக்கு 1, 8.8.8.8-க்கு எந்த நேரத்தில் எவ்வளவு துள்ளியது, எத்தனை பதில் வராமல் போனது என்று சொல்லுங்கள். வைஃபையில் எடுத்த பதிவைக் காட்டினால் பழியை வைஃபையின் மேல் போட்டுவிடுவார்கள். கூடவே, ஃபைபர் பெட்டியின் உள்வரும் ஒளி அளவைக் கேளுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிபிஎம் என்ற அலகில் இருக்கும். மைனஸ் 27-க்கும் கீழே போயிருந்தால் எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கிறது அல்லது இணைப்பு முனையில் அழுக்கு சேர்ந்திருக்கிறது. முனையைத் துடைத்து, தேவையென்றால் கம்பியை மாற்றித் தரச் சொல்லுங்கள். அன்று இரவு அதே நேரத்தில் அதே பிங் சோதனையை ஓட்டிப் பார்த்த பிறகே புகாரை முடித்துக்கொள்ளச் சம்மதியுங்கள்.